போகியிலேயே நின்ற வீடு

கவியாவுக்கு விட்ட பொங்கல் விடுமுறை இரண்டு வருடம் ஏழு மாதம் நீடித்தது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையை ஒட்டிய காலனியில், மூன்றாவது தெருவின் கடைசி வீடு அவளுடையது. மற்ற வீடுகளுக்கெல்லாம் தை பிறந்தது, மாசி வந்தது, கத்திரி வெயிலும் ஐப்பசி மழையும் முறைப்படி வந்து போயின. அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் மார்கழியின் கடைசி நாளான போகியே திரும்பத் திரும்ப விடிந்தது. கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தால் பனி. சித்திரையிலும் பனி. விடுமுறை விட்டபோது அவளுக்கு நான்கு வயது. முடிகிற வரைக்கும் நான்கு வயதுதான்.

அவளுடைய அப்பா அறிவரசனுக்கு ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் வேலை. வேதியியல் படித்தவன். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். போகிக்கு ஆறு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அவன் மனைவி சத்யப்பிரியா காலையில் இட்லிக்கு மாவு அரைத்து பிரிட்ஜில் வைத்துவிட்டு, பெரம்பலூரில் ஒரு வளைகாப்புக்குப் போனாள். திரும்பி வரும்போது சாலையைக் கடந்தவள் மேல் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி ஏறியது. லாரியைப் போலீஸ் பிடித்து நிறுத்தியது. கல்லை வேறு லாரிக்கு மாற்றி ஆலைக்கு அனுப்பினார்கள். அதன் சாம்பிள் லேபுக்கு வந்தது. அறிவரசன் விடுப்பில் இருந்ததால் வேறொருவர் சோதித்தார். கல் தரமாக இருந்தது.

மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள். உறவினர்கள் பண்டிகை வேலை கிடக்கிறது என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாரும் குழந்தையிடம் எதுவும் சொல்லவில்லை. அடக்கத்தன்று அவளை எதிர்வீட்டுப் பூமாலை தன் வீட்டில் வைத்து டிவி காட்டிக்கொண்டிருந்தாள். போகிக்கு முந்தின நாள் கவியா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "அம்மா எப்பப்பா வரும்?" என்று கேட்டாள். அறிவரசன் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னான்.

"பொங்கலுக்கு வந்துரும்."

அதற்கு இரண்டு நாள்தான் இருந்தது. அதை அவன் சொன்ன பிறகுதான் யோசித்தான்.

சத்யப்பிரியாவின் அண்ணன் தங்கராசு திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டு ஆட்களுக்கு மேஸ்திரி. தங்கை கல்யாணமாகிப் போன வருடத்திலிருந்து ஒவ்வொரு போகிக்கும் புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து என்று பொங்கல் சீர் கொண்டுவந்து கொடுப்பான். அந்த வருடமும் காலையிலேயே வண்டியின் பின்னால் பானையைக் கட்டிக்கொண்டு வந்து கேட்டருகில் நின்றான். கரும்பு கொண்டுவரவில்லை. கண் வீங்கியிருந்தது.

"பானை மார்கழி மொதல்லயே வாங்குனது மாப்ள. அவளுக்குன்னு வாங்குனது. வூட்ல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்க முடியல" என்றான்.

"எங்க வூட்டுக்குப் பொங்கல் வேணாம் மச்சான். எடுத்துட்டுப் போங்க."

"பொங்க வேணாங்க. சாவு விழுந்த வூட்ல யாரு பொங்குவா? வாங்கி ஒரு மூலையில கவுத்து வச்சுருங்க. அதான் மொறை."

"பொங்கலே வேணாம்னு சொல்றேன். உள்ள வரக்கூடாது."

தங்கராசு வண்டியைத் திருப்பினான். சாவு வீட்டுக்கு வரும் சீரை வாங்கிக் கவிழ்த்து வைப்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த முறை. பண்டிகை வந்தது, நாங்கள் கொண்டாடவில்லை என்று அதற்குப் பொருள். வாசலோடு திருப்பி அனுப்பினால் பண்டிகையே வேண்டாம் என்று ஆகிவிடும். பத்தாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்த அறிவரசனுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு வாங்கியிருப்பானா என்பது சந்தேகம்தான்.

மறுநாள் தெரு முழுக்கப் பானை பொங்கியது. அறிவரசன் கண் விழித்தபோது வீட்டுக்குள் பழைய பாய் எரிகிற புகை வாசம் அடித்தது. போகி அன்றைக்கு அடித்த அதே வாசம். கவியா எழுந்து வந்து, "நாளைக்குத்தான பொங்கல்? அம்மா வந்துரும்ல?" என்றாள். பிரிட்ஜைத் திறந்தான். முந்தின நாள் கரண்டியால் வழித்து எடுத்த மாவு டப்பாவில் பழைய அளவுக்கே இருந்தது. லேசான புளிப்பு. சத்யப்பிரியா உப்பைக் கொஞ்சம் கூடப் போடுவாள். அதுவும் அப்படியே இருந்தது. தோசை ஊற்றிக் கொடுத்தான். குழந்தை, "அம்மா மாவு" என்று சொல்லிச் சாப்பிட்டாள். "ஆமா, நாளைக்கு வந்துரும்" என்று அவனும் சொன்னான். அன்றைக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. நாளைக்கு என்பது வரப்போவதில்லை என்பது அவனுக்கு அதற்குள் பாதி விளங்கியிருந்தது.

மற்ற பிள்ளைகளுக்கு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் கூட்டிக்கொண்டு போனான். டீச்சர் சொல்லிக் கொடுத்த எழுத்தைக் கவியா மாலையில் எழுதிக் காட்டினாள். மறுநாள் காலையில் அவளுக்கு அது தெரியவில்லை. நான்கு நாள் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டான். ஜூன் மாதம் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் பூமாலை அவளைத் தன் வீட்டிலேயே தூங்க வைத்துப் பார்த்தாள். விடிந்தபோது கவியா தன் வீட்டுக் கட்டிலிலிருந்துதான் எழுந்து வந்தாள். பூமாலை வீட்டுக் கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கவியாவுக்கு முடி வெட்ட வேண்டியிருக்கவில்லை, நகம் வெட்ட வேண்டியிருக்கவில்லை. விழுந்து முழங்காலில் சிராய்த்த காயம் ஒன்று, பொருக்கு உதிராமல் அப்படியே இருந்தது. அறிவரசனுக்கு மட்டும் நாள் நகர்ந்தது. தினமும் ஆலைக்குப் போய் கைரேகை வைத்துவிட்டு வருகிறவன் என்பதால் இருக்கலாம்.

தெரு முதலில் பயந்தது, பிறகு பழகிக்கொண்டது. மின்கணக்கு எடுக்க வந்தவர் மீட்டர் ஓடவில்லை என்று மாற்றிப் பார்த்தார். புது மீட்டரும் ஓடவில்லை. கேஸ் சிலிண்டர் தீரவே இல்லை. அக்கினி நட்சத்திரத்தில் கரண்ட் போனால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். அரைமணி நேரத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, போதும் என்று எழுந்து போனார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்த பூக்கூடைகளை இரண்டு வருடமும் அங்கேதான் வைத்து எடுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை வந்தார். காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எந்தப் படிவத்தில் எழுதுவது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனார்.

பகலில் கவியாவைப் பூமாலை பார்த்துக்கொண்டாள். பூமாலையின் மகள் பிரவீணாவும் கவியாவும் பத்து நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். கவியாவுக்கு ஒவ்வொரு காலையிலும் ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. "நேத்து நீ குட்டியா இருந்தியே" என்று பிரவீணாவின் தோளைத் தொட்டுப் பார்ப்பாள். பிரவீணாவுக்கு முன்பல் விழுந்தது, முளைத்தது. ஒன்றாம் வகுப்பு போனாள், இரண்டாம் வகுப்பு போனாள், சைக்கிள் பழகினாள். அப்பாவின் தலையில் நரை விழுந்ததையும் கவியா தினமும் புதிதாகக் கண்டுபிடித்தாள்.

"என்னப்பா தலையில வெள்ளையா? சிமெண்டா?"

"ஆமா, சிமெண்டு."

"தொடைச்சுக்க. அம்மா திட்டும்."

ஆலையில் உடன் வேலை செய்தவர்கள் அவனை இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். அவன் ஐந்து மணிக்கு லேபைப் பூட்டிவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுவான். வெளியே அவனுக்கு மனைவி இறந்து ஒரு வருடம், இரண்டு வருடம் ஆயிற்று. கேட்டுக்கு உள்ளே ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஏழாம் நாளை எப்படிக் கடப்பது என்று அவன் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. திதி கொடுக்கத் தங்கராசு இரண்டு முறை ஆள் அனுப்பினான். போகவில்லை. அதை மரியாதைக் குறைவு என்று தங்கராசு எடுத்துக்கொண்டான். பிறகு ஆளும் வரவில்லை.

மூன்றாம் வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. கவியா சொப்புச் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, "நாளைக்குப் பொங்கல். எங்கம்மா வந்துரும். உனக்கும் சோறு தரும்" என்றாள். பிரவீணாவுக்கு அன்று தோழிகளோடு சைக்கிள் விட வேண்டும். அவள் அம்மாதான் பிடித்து உட்கார வைத்திருந்தாள்.

"ஒங்கம்மா லாரியில அடிபட்டுச் செத்துப்போச்சு. தெருவுக்கே தெரியும். ஒனக்குத்தான் தெரியாது. இப்ப சொன்னாலும் நாளைக்கு மறந்துருவ, மக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அறிவரசன் வேலை முடிந்து வந்தபோது கவியா கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். பூமாலை வாசலில் நின்று, "புள்ள புத்தியில்லாம சொல்லிப்புட்டா தம்பி. அடிச்சுட்டேன்" என்றாள். அவன் தரையில் படுத்துக் குழந்தையைப் பார்த்தான். அழுது அழுது விக்கல் வந்திருந்தது. "நெசமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவன் கையை நீட்டி அவள் முதுகைத் தடவினான். இருட்டுவதற்குள் அப்படியே தூங்கிவிட்டாள்.

காலையில் எழுந்து வந்தாள். முகம் தெளிந்திருந்தது. "நாளைக்குத்தான பொங்கல்? அம்மா வந்துரும்ல?" என்றாள். அறிவரசனின் நெஞ்சுக்குள் அப்பாடா என்று ஒன்று இறங்கியது. தோசைக் கரண்டியோடு நின்றான். பிள்ளை தன் தாய்க்காக அழுத அழுகை ஒரே இரவில் துடைபட்டுப்போனதற்குத் தான் நிம்மதிப்பட்டோம் என்பது அவனுக்குத் தோசை கருகுகிற வரைக்கும் உறைத்துக்கொண்டிருந்தது. பயமாக இருந்தது. மூன்று வாரம் அந்தப் பயத்தோடு ஆலைக்குப் போய் வந்தான். ஆவணி பிறந்த பிறகு ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கராசுக்குப் போன் போட்டான்.

"மச்சான், அந்தப் பானை இருக்கா?"

எதிர்ப்பக்கம் டிராக்டர் சத்தம் நின்றது. "எங்க போவும்? பரண்ல கெடக்கு. நெல்லு கொட்டுனா நிக்கல, தண்ணி ஊத்துனா நிக்கல. ஓட்டையும் இல்ல. ஒங்க வூட்டுப் பானை மாப்ள அது. எங்களுக்கு ஒழைக்காது."

புதன்கிழமை காலையில் தங்கராசு வந்தான். ஆவணியில் பொங்கல் கரும்பு கிடைக்காது என்பதால் சர்க்கரை ஆலைக் கரும்பு இரண்டு வெட்டி வந்திருந்தான். பச்சை மஞ்சள் கிடைக்காமல் கடை மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்திருந்தான். அவன் தலை முன்னைவிட நரைத்திருந்தது. கேட்டுக்கு வெளியே பானையோடு நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். தங்கை மகள் அன்றைக்குப் பார்த்த அதே உயரத்தில் நின்றிருந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"புள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாம பானைய வாங்காதீங்க. பொங்குன ஒடனே வாசலப் பாத்து நிக்கும். அத என்னால பாக்க முடியாது."

அறிவரசன் குழந்தையைத் தூக்கி வாசற்படியில் உட்கார வைத்து, எதிரே குத்துக்காலிட்டான். அம்மா செத்துப்போய்விட்டது என்றான். லாரி என்றான். எங்கே புதைத்திருக்கிறது என்பதையும் சொன்னான். படித்ததில் எதுவும் அவனுக்கு உதவவில்லை.

"பொங்கலுக்கு வரும்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

அவள் கையை ஓங்கி அவன் கன்னத்தில் அடித்தாள். பிறகு அழுதாள். அந்த அழுகையோடேயே அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், கேட்டுக்கு வெளியே நின்ற தங்கராசிடமிருந்து பானையை வாங்கி உள்ளே வந்தான். வாசலில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். பூமாலை அரிசி களைந்தாள். பொங்கி வழிந்தபோது யாரும் குரல் கொடுக்கவில்லை. பூமாலை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துக் கும்பிட்டாள்.

பானை பொங்கியதும் தை உள்ளே வந்தது. அதன் பின்னால் நின்றிருந்த மாதங்களும் வந்தன. மதியத்துக்குள் மூன்று சித்திரையின் வெக்கை அடித்து, சுவர் வெடிப்பு விட்டது. இரண்டு ஐப்பசியின் மழை கொட்டி, கொல்லைப்புறம் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்தது. இரண்டரை வருடத்துச் சிமெண்ட் தூசி ஒரு மணி நேரத்தில் அலமாரியிலும் டிவியிலும் படிந்தது. மீட்டர் விர்ரென்று சுற்றியது. சிலிண்டர் தீர்ந்தது. பிரிட்ஜில் மாவு பொங்கி, கறுத்து, காய்ந்து, டப்பாவோடு ஒட்டிப்போனது. அறிவரசன் அதை எடுத்துப் பார்க்கவில்லை. பூமாலைதான் எடுத்துக்கொண்டு போய் எங்கோ கொட்டினாள். பனி அன்றோடு நின்றது.

கவியா வளர்வதற்கு மட்டும் நான்கு நாள் பிடித்தது. பல் ஆடிற்று, விழுந்தது. சட்டை அக்குளில் இறுகிக் கிழிந்தது. முட்டியும் கணுக்காலும் விண்ணென்று வலிக்கிறது என்று படுத்தே கிடந்தாள். ஒவ்வொரு காலையும் எழுந்ததும் அவளுக்கு முந்தின நாள் நினைவிருந்தது. எழுந்ததும் அழுதாள். அப்பாவிடம் பேசவில்லை. அறிவரசன் வேப்பெண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து சூடுபண்ணி, அவளுடைய கால்களை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டபடி இருந்தான். ஆலைக்கு லீவு சொல்லிவிட்டான். தங்கராசும் ஊருக்குப் போகாமல், பிரவீணாவின் பழைய கவுன்களை ஒவ்வொன்றாக வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தான். பொங்கலன்று கொடுத்தது வெள்ளிக்கிழமைக்குச் சின்னதாகிவிட்டது.

நான்காம் நாள் பிற்பகல் அவள் கண்ணைத் திறந்து தன் காலின் நீளத்தைப் பார்த்தாள். குரல் மாறியிருந்தது.

"இவ்ளோ ஒசரமாயிட்டேனே. அம்மா பாத்தா அடையாளம் தெரியுமா?"

"அம்மா பாக்காது கவியா. செத்தவங்க பாக்க மாட்டாங்க."

அவள் இடது காலை எடுத்துவிட்டு, வலது காலைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். அது இன்னும் வளர்ந்து முடிக்கவில்லை.