கீழே போன கப்பல்

மூழ்கிய போர்க்கப்பலிலிருந்து உயிரோடு திரும்பிய ஒரே ஆள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் வீடு இடப்பக்கம் சாய்ந்தது. அவர் வெளியே போனால் நிமிர்ந்துகொள்ளும். உள்ளே வந்தால் மறுபடி சாயும். கப்பல் கடைசியாக எந்தச் சரிவில் நின்றதோ அதே சரிவு. கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்டவர் என்பதால் அவருக்குக் கரிக்கை என்று பெயர். அவர் மனைவி முதலில் தலையிலடித்துக்கொண்டாள். பிறகு கட்டிலின் இடப்பக்கக் கால்களுக்குச் செங்கல் வைத்தாள், உருண்டோடும் வெங்காயத்தைக் காலால் தடுத்துக்கொண்டே நறுக்கப் பழகினாள். “குடிச்சிட்டு வந்து தள்ளாடுற புருஷனைப் பாத்திருக்கேன். வீட்டையே தள்ளாட வெக்கிறவரு எனக்குத்தான் வாய்ச்சிருக்காரு” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னதோடு அந்த விஷயம் முடிந்தது.

முடியாதது வேறொன்று. கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும், கண்ணுகளா. கப்பல்காரர்கள் மூழ்குவது என்ற சொல்லை வாயிலெடுக்க மாட்டார்கள். எடுத்தால் கடலுக்குக் காது கேட்டுவிடுமாம். மீன்பிடிப் படகொன்று கரிக்கையை அள்ளிவந்து கரையில் போட்டபோது, நாக்கு உப்பில் வெந்துகிடந்த நிலையிலும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கடற்படை அலுவலக அதிகாரி கேட்டதற்கு, “கப்பல் கீழ போயிருச்சு சார்” என்றார். அதிகாரி சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். வரைபடத்தில் கீழே என்றால் தெற்கு. கப்பல் தெற்கே போயிருக்கிறது, திரும்பத் தாமதமாகிறது என்று அறிவித்துவிட்டார். போர்க்காலத்தில் மேலிடத்துக்கு அந்தச் சேதிதான் இனித்தது. கரிக்கை பதறி ஓடி, மூழ்கிடுச்சு, மூழ்கிடுச்சு என்று தொண்டை கிழியக் கத்தினார். முதலில் சொன்னதுதான் செல்லும் என்றார் அதிகாரி.

“அப்ப நான் எப்படி சார் கரைக்கு வந்தேன்?”

“நீ பாதியில குதிச்சு ஓடிவந்தவன். கப்பல் வரட்டும், உன்னை விசாரிக்கிறேன்.”

போர் முடிந்தது, அரசாங்கம் மாறியது, அதிகாரிக்குத் தலை நரைத்தது. கப்பல் மட்டும் தாமதமாகவே இருந்தது. கப்பல் சமையற்காரனின் அம்மா வேளை தவறாமல் மகனுக்குத் தட்டு வைத்து மூடினாள். பறிகொடுத்தவளை அழக்கூட விடவில்லை, பாவிகள். “நீ சொல்றது நிஜம்னு தெரியும் தம்பி. ஆனா என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனது அவங்க. கூட்டிட்டுப் போனவன் வாயால சொல்லாம நான் எப்படி அழுவேன்?” என்றாள்.

அந்தச் சொல்லை வாங்கத்தான் கரிக்கை அலுவலகத்தின் மரப்பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கட்டடம் சாய்ந்தது. மைக்கூடு வழுக்கி அதிகாரியின் மடியில் கவிழ்ந்தது. மேசைகளைத் தரையோடு ஆணியடித்தார்கள். எழுத்தர்கள் இடக்கால் செருப்புக்குத் தடித்த அடி வைத்துத் தைத்துக்கொண்டார்கள். கட்டடம் பழசு என்றார் அதிகாரி. சமையற்காரனின் அம்மாவும், மற்ற அம்மாக்களும் மனைவிமாரும் பக்கத்தில் வந்து உட்கார உட்காரச் சரிவு கூடியது. கரிக்கையை வெளியே இழுக்க வந்த காவலாளி, சரிவில் வழுக்கித் தானே வாசலுக்குப் போய்ச் சேர்ந்தான்.

ஒரு நண்பகலில் தரையோடுகளின் இடுக்கில் உப்புத்தண்ணீர் ஊறியது. குழாய் உடைந்திருக்கிறது என்றார் அதிகாரி. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. எழுத்தர்கள் மாடிக்கு ஓடினார்கள். பெண்களோடு பெஞ்சு மிதந்தது, ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அதிகாரியின் அறைக்கதவு தண்ணீரின் பாரத்தால் திறக்க மறுத்தது. அவர் மேசைமேல் ஏறி நின்று, “கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்” என்றார். தண்ணீர் அவர் கழுத்துவரை வந்தபோது, கரிக்கை அந்த அறையின் ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பெஞ்சை நிறுத்தி, மரியாதையாகவே கேட்டார்: “கப்பல் எங்க சார்?”

“மூழ்கிடுச்சுய்யா! மூழ்கிடுச்சு! அன்னிக்கே தெரியும்யா எங்களுக்கு!”

தண்ணீர் அந்த இடத்திலேயே நின்றது. கதவு திறந்துகொண்டது. சமையற்காரனின் அம்மா அதிகாரியைச் சட்டைக் காலரைப் பிடித்துப் பெஞ்சில் தூக்கிப்போட்டாள். “அன்னிக்கேவா?” என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு அழுதாள். தெரு முழுவதும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது.

தண்ணீர் வடியவில்லை. அலுவலகம் மாடிக்கு மாறிவிட்டது. ஜனங்கள் வாசலில் படகேறிப் படிக்கட்டில் இறங்கிக்கொள்கிறார்கள். அங்கே யாராவது ஒரு பொய் சொன்னால் தண்ணீர் ஒரு படி ஏறுகிறது. அதனால் எழுத்தர்கள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லுமுன் ஒருமுறை படிக்கட்டை எட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள்.