துடைக்காமல் வைத்திருந்த பெட்டி

"அம்மா, வீட்டுல நீ பாக்குற அப்பா வேற, பட்டறையில இருக்குற அப்பா வேற."

"ஆமாமா, அங்க போனதும் தலையில கிரீடம் முளைச்சிடுதாக்கும்."

"சிரிக்காதம்மா. அங்க அவர் வாய் ஓயாது. ஒரு நட்டு கழலலைன்னா அதுக்கிட்டயே பேசுவாரு. 'வாடி ராசாத்தி, மெல்ல இறங்கி வாடி'ம்பாரு."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டதில்ல. நட்டுக்கு வந்த வாழ்வைப் பாரு!"

"நீயும் துருப்பிடிச்சு இறுகிக்கோ, கூப்பிடுவாரு." வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சிரித்து, புரையேறி, தண்ணீர் குடித்தான். "ஒரு நாள் வாயேம்மா. நாங்க ரெண்டு பேரும் வேலை செய்றதைப் பாரேன்."

"நான் அங்க வந்து நின்னா இந்த ரவிக்கையெல்லாம் யார் தைக்கிறது? அப்புறம் பாக்கலாம், போ."

அந்தப் பேச்சை அவள் தையல் மிஷின் முன்னால் உட்காரும்போதெல்லாம் முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் 'அப்புறம் பாக்கலாம்' என்ற இடத்தில் மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிடுவாள்.

அந்த அப்புறம் வரவே இல்லை. ஒரு மழை நாளில், பாதி பிரித்துப் போட்ட எஞ்சினுக்கு ஒரு கேஸ்கெட் வாங்கி வரச் சொல்லி அப்பா அனுப்பினார். பைக்கில் போன பையன் திரும்பவில்லை. லாரிக்காரன் மேல் தப்பா, மழையின் மேல் தப்பா என்று ஊரே பேசி ஓய்ந்துவிட்டது. அவள் கணவர் மட்டும் எதுவும் பேசவில்லை. அழவும் இல்லை. காரியங்கள் முடிந்ததும் பழையபடி காலையில் பட்டறைக்குப் போனார், இருட்டியதும் வந்தார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து அதற்குப் பிறகு வந்ததில்லை.

அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. மகனின் காலைகளும் இரவுகளும் அவளிடம் இருந்தன. தலைக்கு எண்ணெய் வைக்க ஓடிப் பிடித்தது, காய்ச்சலில் அவள் மடியில் கிடந்தது, சட்டைக்குப் பட்டன் தைக்கச் சொல்லி நச்சரித்தது எல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தன. ஆனால் அவன் படிப்பை முடித்துப் பட்டறைக்குப் போக ஆரம்பித்த பிறகு, அவனுடைய பகல்கள் மொத்தமும் கணவரிடம் இருந்தன. அவற்றை அவர் பூட்டி வைத்திருந்தார். கேட்டுவிட வேண்டும் என்று சோறு பரிமாறும்போதெல்லாம் தொண்டை வரை வரும். அவர் முகத்தைப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றுதான் வெளியே வரும்.

பட்டறையின் கூரைத் தகடு ஒழுகத் தொடங்கியபோது, அதை மாற்றும்வரை என்று அவர் ஓர் இரும்புப் பெட்டியைக் கயிறு கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இது கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்."

"அவனோடதா?"

தலையை மட்டும் அசைத்தார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் அவர் போனதும் அவள் பெட்டியை இழுத்துத் திறந்தாள். மேலே பழைய துண்டு ஒன்று நாலாக மடித்துப் போர்த்தியிருந்தது. அடியில் இருந்த சாமான்களுக்கு அவளுக்குப் பெயர் தெரியாது. பூட்டு மாதிரி வளைந்த ஒரு கனமான இரும்பு, அதன் முனையில் திருகும் கைப்பிடி. மூன்று கால் உள்ள ஒன்று, நண்டு மாதிரி. வேண்டுமென்றே நெருப்பில் காய்ச்சிக் கழுத்தை வளைத்த ஸ்பானர்கள். எல்லாம் மகனைவிட வயதானவை, தூக்கினால் மணிக்கட்டு வலித்தது. எல்லாவற்றிலும் கறுப்பாக, பிசின் மாதிரிக் காய்ந்த கிரீஸ்.

துணி தைக்கிறவளுக்கு எண்ணெய்க் கறைதான் முதல் எதிரி. மிஷினுக்கு எண்ணெய் விட்டால்கூட, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் துடைத்த பிறகுதான் அடுத்தவர் துணியைத் தொடுவாள். அந்தக் கறுப்பைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பிள்ளையின் சாமான் இப்படியா கிடக்கும்? கவனிக்க ஆள் இல்லாமல் போய்விட்டதே என்று தோன்றியது.

மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மரை மரையாகத் தேய்த்தாள். சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, மிஷின் எண்ணெயை விரலில் தொட்டு ஒவ்வொன்றுக்கும் பூசினாள். பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை துவட்டிய நாட்களுக்குப் பிறகு அவள் கைகள் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. இதைப் பார்த்தாவது அவர் பேசுவார் என்று நினைத்தாள். 'இது எதுக்குங்க?' என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். அவர் சொல்லச் சொல்ல அவனும் அதில் வருவான்.

சாயங்காலம் வந்தவர் கூடத்துப் பாயில் வரிசையாகப் பரப்பியிருந்ததைப் பார்த்தார். குனிந்து அந்த வளைந்த இரும்பை எடுத்தார். கைப்பிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பளபளன்னு இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கூரை வேலை முடிந்ததும் பெட்டியை எடுத்துப்போகப் பெயின்டர் வந்தார். அதே பட்டறையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவர் தலையில் நரை எது, பெயின்ட் எது என்று சொல்ல முடியாது.

"அண்ணி, டீ குடிச்சிட்டுத்தான் வந்தேன். ஆனா நீங்க வற்புறுத்தினா மறுக்க மாட்டேன்."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"அதான் ஞாபகப்படுத்தினேன்."

அவள் சிரித்துக்கொண்டே டீ போட்டாள். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, சாமான் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மூடியைத் தூக்கிப் பார்த்தார். டம்ளருடன் வந்தவள் அவர் முகம் மாறியிருந்ததைக் கண்டாள்.

"யாரு அண்ணி இதைக் கழுவினது?"

"நான்தான். ஏன், கழுவக் கூடாதா?"

பெயின்டர் டம்ளரை வாங்கவில்லை. "அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

"பளபளன்னு இருக்குன்னார்."

"அடக் கடவுளே." அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பட்டறையில ஒரு வழக்கம் உண்டு அண்ணி. சாயங்காலம் மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சாமானையும் துடைச்சுத்தான் மாட்டணும். துடைக்காம போனா அண்ணன் தொலைச்சுக் கட்டிடுவாரு. ஆனா இதை மட்டும் துடைக்கல. குருவி அன்னிக்கு எப்படிப் போட்டுட்டுப் போனானோ, அப்படியே எடுத்து வெச்சாரு."

"குருவியா? எந்தக் குருவி?"

"நம்ம பையன்தான். வண்டிக்கு அடியில சந்துல எல்லாம் புகுந்து வந்துடுவான்ல, அண்ணன் வெச்ச பேரு. வீட்டுல சொன்னதில்லையா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

பெயின்டர் அந்த வளைந்த இரும்பைக் காட்டினார். "இது வால்வு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கிளாம்ப். அன்னிக்கு அவன் கையில கடைசியா இருந்தது இதுதான். இந்தப் பிடியில, கிரீஸ்ல அவன் கட்டைவிரல் ரேகை அச்சா பதிஞ்சிருந்துச்சு. காய்ஞ்சு அப்படியே நின்னுடுச்சு. ஆளில்லாத நேரமாப் பாத்து அண்ணன் துண்டை விலக்கி அதைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் பார்த்தும் பாக்காத மாதிரி போயிடுவேன்."

அவள் கையிலிருந்த டீ ஆறிப்போனது. பிறகு டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, "நானும் வரேன்" என்றாள்.

"எங்க?"

"பட்டறைக்கு."

பட்டறை அவள் நினைத்ததைவிடச் சிறியது. புதுத் தகட்டின் கீழே வெளிச்சம் வெள்ளையாக இறங்கியது. சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு சாமானின் உருவமும் அதில் வெள்ளைப் பெயின்ட்டில் வரைந்திருக்க, அந்தந்த உருவத்தின் மேல் அந்தந்தச் சாமான் தொங்கியது. அவர் ஒரு காரின் முன்பக்கம் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார். உள்ளே சத்தமே இல்லை. எந்த நட்டையும் அவர் கொஞ்சிக் கூப்பிடவில்லை. வாய் ஓயாத மனிதர் என்று மகன் சொன்ன ஆள் அங்கேயும் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெயின்டர் பெட்டியை இறக்கிவிட்டு, "நான் கடை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று யாரும் கேட்காத காரணம் சொல்லி வெளியேறினார்.

தலையை வெளியே எடுத்தவர் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார். "நீ எதுக்கு இங்க வந்தே? உடம்புக்கு ஏதாவதா?"

"பெயின்டர் சொன்னார்." அவள் பெட்டியைக் காட்டினாள். "எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. அழுக்குன்னு நினைச்சுட்டேன். என் கையாலயே தேய்ச்சு..."

"விடு."

"என்னைத் திட்டவாவது செஞ்சிருக்கலாமே."

"உனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லியிருந்தாத்தானே." அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுத்தமான பிறகும் துடைத்தார். "சொன்னா நீ அழுவே. அதுக்குப் பயந்தேன்."

பெட்டியைத் திறந்து கிளாம்ப்பை எடுத்தார். பிடியைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். "இது என் முதலாளிகிட்டேருந்து எனக்கு வந்தது. அவருக்கு அவரோட முதலாளி குடுத்தது. இன்னமும் ஒரு மரை தேயல. இரும்புக்கு ஒண்ணும் ஆகாது." பிடியிலிருந்து விரலை எடுத்தார். "நீ போ. வெயில் ஏறும். நான் சாயங்காலம் வரேன்."

கிளாம்ப்பைப் பெட்டியில் வைத்து மூடினார். காரின் பக்கம் திரும்பினார். அந்த முதுகை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது இப்போது குனிந்துவிட்டால் இனி எத்தனையோ காலத்துக்கு நிமிராது. சாயங்காலம் வருவார், கை கழுவுவார், அவள் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்பாள்.

அவள் முன்னால் போய், அவர் கிரீஸ் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"உன் புடவை..." என்றார்.

"இருக்கட்டும். என்னங்க, என் பிள்ளை இங்க எப்படி இருந்தான்னு எனக்குச் சொல்லுங்க. காலையில வந்து முதல்ல என்ன செய்வான், எங்க உக்காருவான், உங்ககிட்ட என்ன பேசுவான், எல்லாம் சொல்லுங்க. நான் அழுதா அழுதுட்டுப் போறேன். நீங்க நிறுத்தாம சொல்லுங்க."