மாலை போட்ட விமானம்

விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குள் நுழைந்ததுமே செண்பகத்துக்கு எரிச்சல் வந்தது. அவள் இன்னும் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் விமானத்துக்குப் பூஜை முடிந்திருந்தது. மூக்கில் சாமந்தி மாலை, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். ஓட்டப்போகும் பைலட் குணசேகரின் கழுத்திலும் ஒரு மாலை.

யாரோ பல வருஷம் பறந்து தீர்த்த நடுத்தர ஜெட் அது. வாங்கப்போகிறவர் நிலம் வாங்கி விற்கும் கிருஷ்ணப்பா. வாங்கலாமா வேண்டாமா என்று சோதித்துச் சொல்லத்தான் விமானப் பொறியாளரான செண்பகத்தை அமர்த்தியிருந்தார். நல்ல நாள் தவறிவிடுமென்று பூஜையை முந்திப் போட்டுவிட்டாராம். பெண் பார்க்கும் முன்பே தாலி கட்டுகிற அழகு!

செண்பகம் சாமி கும்பிடாதவள் அல்ல. கோலார் தங்கவயல்காரி. அவள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்த நாட்களில், ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டுக்குக் கற்பூரம் காட்டாமல் யாரும் ஏறியதில்லை. ஆனால் கூண்டின் கயிற்றை முழுக்கப் பார்த்த பிறகுதான் கற்பூரம். வரிசையை மாற்றிவிட்டுச் சாமி தலையில் பொறுப்பைக் கட்டுவது அவளுக்குப் பிடிக்காது.

உள்ளே ஏறினால் இன்னும் கொடுமை. காபி போடும் மேடைக்கு முன்னால், தரையில் கோலம் போட்டு விளக்கேற்றி வைத்திருந்தார்கள். விமானத்துக்குள் விளக்கு! காபியும் தண்ணீரும் சிந்திச் சிந்தி அடியில் உலோகம் அரிக்கிற இடம் அது. முதலில் திறந்து பார்க்க வேண்டியதும் அதுதான். கோலத்துக்கு இடம் காட்டியது யாரென்று கேட்டாள். விற்பவரின் தரகன் கிரண்தானாம்.

"அங்க சாமி இருக்கு மேடம். வேற எங்க வேணா பாருங்க," என்றான் கிரண்.

செண்பகம் கும்பிட்டு விளக்கை அணைத்தாள். ஈரத்துணியால் கோலத்தைத் துடைத்தாள். தரைப்பலகையைத் தூக்கியதும் பளிச்சென்று புதுப் பச்சைப் பெயின்ட். சுரண்டினாள். பெயின்டோடு உலோகமும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. மேலே பறக்கும்போது உள்ளே அடைத்த காற்றைத் தாங்குகிற சட்டம் இது, இதை நம்பி யாரும் ஏறக்கூடாது என்று பின்னாலேயே ஏறி வந்திருந்த கிருஷ்ணப்பாவிடம் சொன்னாள்.

மறைத்தவன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. கோலத்தை அழித்தவள் மேல்தான் வந்தது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பூஜை போட்டத திருப்பி அனுப்பினா அபசகுனம்மா. நீங்க ஓகேன்னு எழுதிடுங்க. மொதல்ல நம்ம வீட்டுக்காரங்க வேணாம். ஆபீஸ் ஜனங்க போய்ட்டு வரட்டும், ஆமேலே நாம போறத பாக்கலாம்."

செண்பகத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எவ்வளவு நிதானமாகச் சொல்கிறார் இந்த மனுஷர்!

"உங்க வீட்டு ஜனத்துக்கு ஆகாதது அவங்களுக்கு மட்டும் எப்படி சார் ஆகும்? நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

பெங்களூரில் வேறு ஆளா இல்லை என்றார் அவர். இருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். அந்தக் கோபமெல்லாம், அவரோடு ஏறி வந்து நின்ற குணசேகர் மேல் திரும்பியது.

"ஓட்டப்போறது நீங்கதானே கேப்டன்? நீங்களாவது ஏதாவது சொல்லுங்க."

குணசேகர் குனிந்து அந்த வெள்ளைப் பொடியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு கழுத்து மாலையைக் கழற்றி, பலகை தூக்கிய பள்ளத்தின் ஓரமாக வைத்தார்.

"ஆபீஸ் ஜனத்துல நானும் ஒருத்தன்தான் சார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.