பூட்டிய வீட்டு ரீடிங்

முப்பத்தொரு வருடம் தண்ணீர்க் கம்பெனியில் மீட்டர் பார்த்தவன் நான். இந்த ஊரில் நான் எட்டிப் பார்க்காத வாசல் இல்லை, என்னைக் கடிக்காத நாய் இல்லை. கடித்த நாய்களை வரிசையாக நிறுத்தினால் பாலத்தில் தொடங்கி பஸ் நிலையத்தைத் தாண்டும். அந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான்: மீட்டர் பின்னால் ஓடாது. வீடு பூட்டிக் கிடந்தால், போன மாத எண்ணோடு உத்தேசமாகக் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட வேண்டும். அதற்குப் பெயர் பூட்டிய வீட்டு ரீடிங். கூட்டலாம், குறைக்கக் கூடாது.

நான் ஓய்வு பெற்ற மறுவருடம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் மேல் கம்பெனிக்குத் திடீர்ப் பாசம் வந்தது. ஆறு பிறக்கும் ஊற்றுக்குப் பக்கத்தில் கம்பெனி போட்ட பம்பு நாற்பது வருடம் உறிஞ்சியதில், ஆறு கைக்குழந்தை மூத்திரம் போன தடம் மாதிரி ஆகியிருந்தது. கம்பெனியின் பெயர் பேப்பரில் நாறியது. கம்பெனி உடனே உள்ளூர் ஆற்றுக் குழுவோடு ஒப்பந்தம் போட்டது. கம்பெனி பம்பை நிறுத்தும். குழு குப்பை அள்ளும், கரையில் மரம் நடும், நீர்நாய் திரும்பி வந்தால் மாதாமாதம் எண்ணிச் சொல்லும்.

இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து என் வீட்டுக்காரி வெளியே போவதில்லை. வெளியே என்ன, விடிந்தாலும் கட்டிலை விட்டு எழ மாட்டாள். பம்பு நின்ற இரண்டாம் வருடம் ஆற்றில் சத்தம் திரும்பியது. ஒரு காலையில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே உள்ள மடுவில் நீர்நாய் ஒன்று மீனைப் பிடித்து, கல்மேல் ஏறித் தின்றது. அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினேன்.

"வந்தான், தின்னான், புரண்டான், ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டான். நம்ம மாப்பிள்ளையேதான்," என்றாள்.

அன்றிலிருந்து அதற்குப் பெயர் மாப்பிள்ளை. அவளும் தினம் ஆறு மணிக்கே எழுந்து, தலைவாரி, கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, கப்பல் கேப்டன் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நிஜ மாப்பிள்ளை வந்தபோதுகூட அவள் அப்படித் தலை வாரியதில்லை.

எண்ணும் வேலை தொடங்கியது. நீர்நாய் எளிதில் கண்ணில் படாது. ஆனால் உயரமான கல்லாகப் பார்த்து எச்சமிட்டு, இது என் இடம் என்று சொல்லிவிட்டுப் போகும். புது எச்சம் உள்ள கற்களை எண்ணினால் போதும். குழுத் தலைவர் மருந்துக்கடைக்காரர். பாலத்துக்குக் கீழே ஒரு மைல் தூரத்தை என்னிடம் கொடுத்தார்.

"அண்ணே, முப்பது வருஷம் ரீடிங் எடுத்தவரு நீங்க. உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல."

அவர் வாழ்நாளில் செய்த ஒரே கவனக்குறைவு அது.

முதல் மாதம் நேர்மையாக இறங்கி எண்ணினேன். ஏழு கல். என் முழங்கால் மடங்கிய சத்தத்தில் அக்கரைக் கொக்குகள் ஊரையே காலி செய்தன. அடுத்த மாதம் பாதித் தூரம்தான் போனேன். மீதி, பூட்டிய வீடு. ஒன்பது என்று எழுதினேன். பிறகு பன்னிரண்டு. மழையில் எச்சமெல்லாம் கழுவிப்போன மாதம்கூடப் பதினைந்து. குறைத்து எழுதக் கை வரவில்லை. எண் ஏறினால் ஆற்றுக்கு நல்லதுதானே, கம்பெனி சந்தோஷப்பட்டு இன்னும் செய்யும் என்று நினைத்தேன். ஒன்றரை வருடத்தில் நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டேன். அந்த மாதம் எங்கள் ஆற்றில் மீனைவிட நீர்நாய் அதிகம்.

"ஏங்க, என் கண்ணுக்குத் தெரியறது ஒண்ணே ஒண்ணுதான். மத்ததெல்லாம் எங்க?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

"மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க. கௌரவம் பாப்பாங்க, வெளிய வர மாட்டாங்க."

"பூட்டின வீடா?" என்றாள். நான் பல் துலக்கப் போய்விட்டேன்.

அந்த வாரம் கம்பெனியிலிருந்து அதிகாரி வந்தாள். என் மகளைவிடச் சின்னவள், மண்ணே படாத ரப்பர் பூட்ஸ். குழுவை உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, திரையில் படம் போட்டாள்.

"எல்லார் கணக்கும் சேர்த்து, மூணு மாசமா நாற்பது கல்லுக்கு மேல வந்திருக்கு. ஒப்பந்தப்படி ஆறு மீண்டாச்சு. இது உங்க வெற்றி. வர்ற திங்கட்கிழமை பம்பு மறுபடி ஓடும்."

எல்லோரும் கைதட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் கை மட்டும் பாதியில் நின்றது. மூன்று மாதம் நாற்பதைத் தாண்டினால் பம்பை மறுபடி ஓட்டலாம் என்று ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தில் இருந்ததாம். அவ்வளவு வர இருபது வருடமாவது ஆகும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் அந்தத் தாளைப் புரட்டியதே இல்லை.

மறுநாள் கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். மூன்றாவது மாடி, கண்ணாடி மேஜை, அதன்மேல் பிளாஸ்டிக் செடி. எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினாள்.

"நிஜமா எண்ணினது எத்தனை சார்?"

"ஏழும்மா. முதல் மாசம்."

"இதை நான் மேல சொன்னா உங்க குழு கொடுத்த ஒரு எண்ணும் செல்லாது. எண்ணு இல்லேன்னா ஒப்பந்தம் இல்ல. ஒப்பந்தம் இல்லேன்னா பம்பு திங்கட்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்காது. சொல்லலேன்னா திங்கட்கிழமை. எது வேணும் சார்?"

"புதுசா எண்ணிப் பாக்கலாமேம்மா."

"யாரு எண்ணுவா? உங்க குழுதானே?"

முப்பத்தொரு வருடத்தில் எந்த வீட்டுக்காரனும் என்னை வாசலில் இப்படி நிறுத்தியதில்லை.

அப்படியே மருந்துக்கடைக்குப் போய் அங்கேயும் சொன்னேன். அவர் திட்டவில்லை. மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே இருந்தார்.

"ஆத்துல மேல் பக்கம் நான் எண்ணினது ஆறு அண்ணே. எல்லா மாசமும் ஆறு. எனக்கே வெக்கமா இருந்துது, அண்ணன் பக்கம் மட்டும் இப்படி ஏறுதேன்னு," என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியே இருக்கலாம்.

திங்கட்கிழமை பம்பு ஓடியது. இரண்டு வாரத்தில் ஆற்றின் சத்தம் நின்றது. ஐந்தாவது வாரம் மடு, சோறு வடிக்கும் சட்டி அளவுக்குச் சுருங்கியது. மாப்பிள்ளை ஒருநாள் வந்து, அதில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனான். வீட்டுக்காரி அதற்குப் பிறகும் பதினாறு நாள் ஆறு மணிக்குத் தலைவாரி உட்கார்ந்தாள்.

பதினேழாம் நாள் நான் கோலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இப்போது முழங்காலுக்கு வேலையே இல்லை. ஆற்றின் நடுவே ரோட்டில் போவது மாதிரி போனேன். ஒரு மைல், ஒரு கல் விடவில்லை. திட்டம்தான் முடிந்துவிட்டதே, கணக்குத் தாளைக் கேட்க யாரும் இல்லை. இருந்தும் நாற்பத்தொன்றுக்குப் பக்கத்துக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினேன்.

ஜன்னலில் அவள் காத்திருந்தாள்.

"எத்தனை கல்லு?"

வாய்க்குள் மூன்று என்று ஒரு எண் தயாராக வந்து நின்றது. அவள் என்னையே பார்த்தாள்.

"பூட்டின வீடா?"

"இல்ல," என்றேன். "தெறந்துதான் கெடக்கு. உள்ள யாரும் இல்ல."

பைனாகுலரைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

மறுநாள் ஆறு மணிக்கு எழுப்பினேன். "எதுக்கு?" என்று கேட்டாள். டீயைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தபோது அதில் ஏடு கட்டியிருந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.