முப்பத்தெட்டாம் வருடத்துச் சக்கரங்கள்

"நாலு மணி வரைக்கும்தான் டைம். அதுக்குள்ள என் சக்கரம் அஞ்சும் வரணும். இல்லேன்னா உங்க தம்பி மேல கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

வக்கீல் இதைச் சொன்னபோது மணி பதினொன்று. நான் அவருடைய காரின் முன்சக்கரத்துக்கு எதிரே குந்தியிருந்தேன்.

பழைய கார்களின் சக்கரங்களைச் சரிபார்த்துப் புதுப்பித்துத் தருவதுதான் என் தொழில். ஒரு சக்கரம் காரோடு பிறந்ததா, பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா என்பதை அதுவே சொல்லிவிடும். நடுவிலிருக்கும் மூடியைக் கழற்றினால், போல்ட் துளைகளுக்குப் பக்கத்தில் அதைச் செய்த மாதமும் வருடமும் இரும்பிலேயே குத்தியிருக்கும். வக்கீலின் கார் 1938இல் செய்தது. நான் பார்த்த சக்கரத்திலோ 47 என்றிருந்தது. மற்ற மூன்றிலும், பின்னாலிருந்த ஸ்பேரிலும் அதேதான். பிள்ளை பிறந்து ஒன்பது வருடம் கழித்துக் கால் முளைத்த கதை!

எட்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் கடையில்தான் இந்தக் காரின் சக்கரங்களைச் சுரண்டி, பெயின்ட் அடித்து மாட்டினோம். போன வாரம் கண்காட்சிக்காகக் காரைச் சோதித்தவர் மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தாராம். அந்தச் சிரிப்புதான் வக்கீலை இங்கே துரத்தியிருக்கிறது.

"உங்க தம்பி ஏற்கெனவே உள்ள போயிட்டு வந்தவன்தானே?" என்றார்.

ஆமாம். பத்தொன்பது வயதில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரைத் திருடி விற்று ஆறு மாதம் ஜெயிலில் இருந்தான். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடமாக என்னோடுதான் இருக்கிறான். ஒரு நட்டுகூட நகர்ந்ததில்லை. ஆனால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு தடவை கெட்ட பேர் கெட்டதுதான். இந்த முறை உள்ளே போனால் லேசில் விட மாட்டார்கள். அவன் மகளுக்கு எட்டு மாதம், இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள்.

பயமாக இருந்தால் என்ன, வாய் சும்மா இருக்குமா? "நீங்க வரும்போதே 47ஓடதான் வந்திருப்பீங்க சார். உங்களுக்கு வித்தவரு ஏமாத்தியிருப்பாரு. என்கிட்ட ஆதாரம் இருக்கு. நாலு மணிக்கு வாங்க, காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஆதாரம் என்றது நோட்டை. எந்தச் சக்கரம் வந்தாலும், சுரண்டுவதற்கு முன்னால் அந்த எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பேன். குழந்தைகள் காசின் மேல் தாள் வைத்துத் தேய்ப்பார்களே, அதேதான். எண் அப்படியே தாளில் ஏறிவிடும். தேதி எழுதி நோட்டில் ஒட்டுவேன். இந்தச் சண்டைகளுக்காகவே வைத்துக்கொண்ட பழக்கம்.

வக்கீல் போனதும் அலமாரியைத் திறந்தேன். நோட்டு இல்லை.

மேசை, மேசைக்கு அடியில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், பழைய டயர்களுக்குள்ளே, எங்கும் இல்லை. பில் கட்டுகளைத் தரையில் கொட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு மணி ஆயிற்று, ஒன்று ஆயிற்று. "கடவுளே, இந்த ஒரு தடவை மட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே தேடினேன். நான் கடவுளிடம் பேசி எத்தனையோ வருடமாகிறது.

தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தேடக் கை கொடுக்கவில்லை.

"எழுந்து தேடேன்டா! உன் தலைக்குத்தானே கத்தி தொங்குது!"

"விடுக்கா. கிடைக்காது."

"கிடைக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் செருப்பைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கார்புரேட்டர் காலத்துப் பார்வை. நேரே போய் அவனுடைய ஸ்பானர் பெட்டியைக் கவிழ்த்தேன். அடித்தட்டில், எண்ணெய்த் துணியில் சுற்றி, என் நோட்டு.

வக்கீலின் பக்கத்தைத் திருப்பினேன். ஐந்து தாள்கள். ஐந்திலும் 38.

ஆக, நல்ல சக்கரங்கள்தான் வந்திருக்கின்றன. எங்கள் கடைக்குள் வந்து மாறியிருக்கின்றன. நோட்டை ஒளித்தவன் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

ஓங்கி ஓர் அறை விட்டேன். "யாருக்குடா வித்தே? சொல்லித் தொலை! உனக்காக ஊரெல்லாம் சண்டை போட்டேனே, பாவி! பச்சக் குழந்தைய வச்சுக்கிட்டு உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. "நான்தான்னே வச்சுக்கோ. நோட்டை மட்டும் மூடிடு" என்றான்.

மூடச் சொன்னால் மூடுகிற ஆளா நான்? அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதே வாரத் தேதி. மருந்துக்கடைக்காரருடைய கார், வக்கீலின் காருக்கு அச்சு அசல் ஜோடி, போருக்குப் பிறகு செய்தது. அதன் சக்கரங்களிலிருந்து எடுத்த ஐந்து தாள்கள். ஐந்திலும் 47.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. போட்டவளும் நான்தான். ஒரு காரின் சக்கரம் வெளியே போகும்வரை அதே மாதிரி இன்னொரு காரின் சக்கரத்தைத் தொடக்கூடாது. பெயின்டைச் சுட்டு இறுக்குகிற அடுப்பில் கட்டிய சீட்டு எரிந்துவிடும், சாக்பீஸ் குறியும் போய்விடும். வெளியே எடுத்தால் எல்லாம் ஒரே முகம். அந்த வாரம் தம்பி மனைவியின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தான். இரண்டு பேரும் அவசரப்படுத்தினார்கள். பத்துச் சக்கரத்தையும் நான்தான் ஒன்றாக அடுப்பில் ஏற்றினேன். இடப்பக்கக் கொக்கி வக்கீலுடையது, வலப்பக்கம் மருந்துக்கடைக்காரருடையது என்று மனக்கணக்கு. மாட்டும்போது எண்ணைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர்.

"உனக்கு எப்போடா தெரியும்?"

"மருந்துக்கடைக்காரர் காரை வெளிநாட்டுக்காரருக்கு வித்தாரே, நாலு மாசம் முன்னாடி. கப்பலுக்கு ஏத்தறதுக்கு என்னைக் கூப்பிட்டு மூடியைக் கழட்டித் தனியா கட்டச் சொன்னாங்க. கழட்டினா 38. கண்டெய்னரை அப்பவே சீல் வச்சுட்டாங்க."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ என்னைத்தான் அடிச்சிருப்பே." லேசாகச் சிரித்தான். பிறகு, "யாரும் சேர்க்காதப்போ நீ ஒருத்திதான் சேர்த்தே. அசல்னு நீ போடற கையெழுத்துக்காகத்தான் ஆளுங்க வர்றாங்க. அது போயிட்டா உனக்கு என்னக்கா இருக்கு? அதான் வக்கீல் குரல் கேட்டதும் நோட்டை ஒளிச்சேன். எனக்குப் பேர் புதுசாவா கெடப் போகுது? உள்ள போனாலும் பழகின இடம்தான்" என்றான்.

"வாயை மூடு" என்று சொல்லிவிட்டு அழுதேன். முகம் கழுவக்கூடத் தோன்றவில்லை.

வக்கீல் நாலு மணிக்குச் சரியாக வந்தார். நோட்டை விரித்து எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு வார்த்தை ஒளிக்கவில்லை. "தப்பு முழுக்க என்னோடது சார். கடையை வேணா மூடிடறேன். கப்பல்ல போன காரோட ஃபோட்டோ வாங்கித் தர்றேன், உங்க சக்கரம் அதுலதான் இருக்கு."

"இருக்கும். யாருக்கு வித்தானோ அங்கதான் இருக்கும்."

"அவன் அந்த வாரம் கடையிலயே இல்ல சார்! ஆஸ்பத்திரியில இருந்தான்."

"ஸ்டேஷன்ல சொல்லுங்க. அக்கா தம்பிக்காக எதையும் சொல்லுவா." அவர் பார்வை தம்பியின் பக்கம் போய் நின்றது. இடது கன்னம் வீங்கியிருந்தது, விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. "யார் அடிச்சது?"

"நான்தான்" என்றேன்.

"தப்பு உங்களோடதுன்னா அவனை எதுக்கு அடிச்சீங்க?"

விரித்த நோட்டை மூடினேன்.

"கூடப் பொறந்த நீங்களே அவன்தான்னு நினைச்சிருக்கீங்க. நான் நினைச்சா மட்டும் தப்பா?"

தம்பி கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அக்காவை விடுங்க சார், போலாம்" என்று சொல்லிவிட்டு, வக்கீலின் காரிலேயே ஏறி உட்கார்ந்தான்.