துணைக்கு ஒரு கேள்விக்குறி

ஜெசிந்தா வேலை பார்த்த கோவை நிறுவனத்தில், இணையதளங்களுக்காக எழுதப்படும் காம்போனென்ட்கள், அதாவது பக்கத்தின் தனித்தனிப் பாகங்கள், தளத்தில் ஏறுவதற்கு முன் வரவேற்பறையில் வந்து நிற்கும். எதை உள்ளே விடலாம், எதை விடக் கூடாது என்று அவற்றுக்கு ‘டைப்’ என்னும் வரையறை எழுதித் தருவது அவள் வேலை. எழுதியதை மட்டும் அவை உள்ளே விடும்.

அன்று வந்து நின்றது ஒரு கண் மருத்துவமனைக்கான நோயாளி அட்டை. ஆள் உயரம், வெளிர் நீலம், நடுவில் ஒரு கதவு. வேலையை விட்டுப் போன ஒருவன் அதற்கு ‘எனி’ என்று எழுதியிருந்தான். எது வந்தாலும் சரி என்று பொருள். ஆகவே காலையிலேயே ஓர் எருமை உள்ளே போய், வயது இருக்க வேண்டிய இடத்தில் படுத்துக்கொண்டது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் லாரி ஒன்று நின்றது. அதன் முகப்பு விளக்குகளுக்குச் சொட்டு மருந்து போட்டாயிற்று என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

“சாயங்காலம் தளத்தைத் திறக்கறாங்க. முடியுமா ஜெசி?” என்றாள் அணித்தலைவி உமையாள்.

“முடியும்ங்க.”

ஜெசிந்தா அட்டையின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பெயர், எழுத்துகள் மட்டும் என்று எழுதினாள். லாரி பின்பக்கமாகவே வெளியே வந்தது. வயது, எண் மட்டும். எருமை எழுந்து வாசலுக்குப் போய் நின்றது. கண் என்பதற்கு இடது, வலது, இரண்டும் என்று எழுதினாள். நெற்றிக்கண்ணைக் காட்ட வந்திருந்தவர் வரிசையிலிருந்து விலகிக்கொண்டார். கடைசியாக, துணைக்கு வருபவரின் பெயர்.

நோயாளிகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மயில்சாமி என்ற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரின் முறை வந்தபோது கதவு திறக்கவில்லை.

“துணைக்கு யாருங்க?” என்றது அட்டை.

“யாருமில்லீங்க.”

“அப்படின்னா விட முடியாதுங்க.”

அவர் தலையசைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். தனியாக வந்த மற்றவர்களும் அவர் பக்கத்தில் சேர்ந்தார்கள்.

“நேரமில்லை ஜெசி. பக்கத்து வீட்டுக்காரர் பேரைச் சொல்லச் சொல்லு” என்றாள் உமையாள்.

“வராதவங்க பேரை எப்படிங்க சொல்றது?” என்றார் மயில்சாமி.

“அப்போ பழையபடி ‘எனி’ன்னே போட்டுடலாமா?”

வாசலில் எருமை தலையை நிமிர்த்தியது.

“வேண்டாங்க” என்றாள் ஜெசிந்தா. துணை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். வரலாம், வராமலும் இருக்கலாம்.

அட்டை சற்று யோசித்தது. “வரலைன்னா அந்த இடத்துல என்ன காட்டறதுங்க?”

இதை அவளிடம் இதுவரை எந்த அட்டையும் கேட்டதில்லை. ‘செவிலியர் கைபிடித்து அழைத்துப்போவார்’ என்று எழுதினாள்.

கதவு திறந்தது. உள்ளிருந்து நீண்ட கையைப் பிடித்துக்கொண்டு மயில்சாமி நடந்து போனார். சுவரோரம் காலியானது.

உமையாள் திரையைப் பார்த்தாள். பிழையைக் காட்டும் சிவப்புக் கோடு எங்கும் இல்லை.

“ஒரு ‘எனி’கூட இல்லையா?”

“ஒண்ணுகூட இல்லீங்க.” கடைசி வரிசை மேஜை வரை கேட்கும்படி அதைச் சொன்னாள். பிறகு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, அட்டையின் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். தான் எழுதிய எதனோடும் அவள் அப்படி நின்றதில்லை. படத்தில் அட்டையைவிடக் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தாள்.

படத்தை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போது கேட்டிலிருந்து காவலர் அழைத்தார். வடகிழக்குப் பருவமழை வந்திருக்கிறதாம். தான் எண்ணா எழுத்தா என்று அதற்குத் தெரிய வேண்டுமாம்.

அதற்குத் துவட்டிக்கொள்ள ஒரு துண்டு கொடுத்து உட்காரவைக்கும்படி சொல்லிவிட்டு, ஜெசிந்தா டீ குடிக்கப் போனாள்.