வெள்ளம் வருது

புயல் வரப்போகிறது என்று கேட்டதும் ஆனந்தி காற்றுக்குப் பயப்படவில்லை. கூரை போனால் போகட்டும், எஸ்டேட்காரர்கள் என்றைக்காவது ஒருநாள் தகரம் தருவார்கள். வீட்டில் தண்ணீர் இல்லாமல் போய்விடுமே என்றுதான் அவள் பயந்தாள்.

காரணம் இருந்தது. முந்தைய புயலில் போடிமெட்டுச் சாலை நெடுக மரங்கள் சாய்ந்து, கம்பங்கள் ஒடிந்து, கரண்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடவில்லையென்றால் லயத்துக்குத் தண்ணீர் கிடையாது. ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகள் அத்தனைக்கும் ஒரே குழாய்தான். அதுவும் சரிவின் அடியில், ஓடைக்கரையில். அப்போது வேறு வழியில்லாமல் ஓடைத் தண்ணீரைக் குடித்தார்கள். அவள் புருஷன் பாண்டீஸ்வரனுக்கு மஞ்சக்காமாலை வந்துவிட்டது. கொழுந்து மூட்டையை ஒற்றைக் கையால் லாரியில் எறிகிற ஆள், கஞ்சித் தட்டைப் பிடிக்க இரண்டு கையும் போதாமல் கிடந்தான். அவன் எழுந்து உட்கார்ந்த அன்றே ஆனந்தி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: இனி எந்தப் புயல் வந்தாலும் வீட்டில் ஒரு டம்ளர்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

இந்த முறை குடம், அண்டா, குக்கர், டிபன் கேரியரின் அடுக்குகள்வரை முந்தின நாளே நிரப்பி மூடிவைத்துவிட்டாள். தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் கவரில் முடிந்து அரிசிப் பானைக்குள் போட்டாள். துணிமணியையும் ரேஷன் கார்டையும் பரணில் ஏற்றினாள். மிச்சம் வாசலில் நின்ற நீல டிரம் ஒன்றுதான். அதை நிரப்புவதற்குள் காலையில் கரண்ட் போய்விட்டது. கூரைத் தண்ணீரைப் பிடிக்கலாம் என்றால், போன மாதம்தான் தகரத்துக்குத் தார் பூசியிருந்தார்கள். வாயில் வைக்க முடியாது. மழையும் இங்கே தூறலோடு சரி. மேலே முகட்டில்தான் கறுத்து நின்றது. காற்று மட்டும் தேயிலைச் சரிவை ஒரே பக்கமாகப் படிய வாரிவிட்டுக்கொண்டிருந்தது.

அவள் கடைக்குப் போய் மெழுகுவத்தி வாங்கித் திரும்பியபோது, பாண்டீஸ்வரன் கூரைமேல் நின்று மண் நிரப்பிய உரச்சாக்குகளைத் தகரத்தின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ரிஜோ வந்தான். கொஞ்சநேரம் ஏணியப் பிடிச்சுட்டுப் போனான்," என்றான் மேலிருந்து. "பாக்டரில டீசல் கேட்ருக்கானாம். கெடச்சா ஜெனரேட்டர்ல மோட்டாரப் போட்டுவிடுறேன்னான்."

"கெடைக்காட்டி?"

"கெடைக்காட்டி ஒன் கண்ணுல வர்றதப் பிடிச்சுக்கிருவோம்."

"கொழுப்பு. மஞ்சக்காமாலையில கெடந்தப்ப இந்த வாயி எங்க போச்சு?"

பக்கத்து வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த வேலுத்தாய் தலையைத் தூக்கினாள். "ஏய் பாண்டி, கூரைக்குத்தேன் சாக்கு வைக்கிற. ஒம் பொண்டாட்டி வாய்க்கும் ஒண்ணு வையப்பா. காத்தவிட பலமா இருக்கு."

"வைக்கலாம் மதினி. சாக்குல்ல பறந்துரும்!"

ஆனந்தி மெழுகுவத்திப் பொட்டலத்தைக் கூரைப் பக்கம் ஓங்கினாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் ஓங்கினாள்.

ரிஜோ பம்ப்ஹவுஸ்காரன். ஓடையை ஒட்டியே மேலே ஏறினால் ஊற்றுக் கிணறும் மோட்டார் அறையும் வரும். அங்கே அவன் வால்வைத் திறந்துவிட்டு, லயத்தின் முதல் வீடான ஆனந்திக்கு போன் போடுவான். "சேச்சீ, வெள்ளம் வந்நு!" உடனே ஆனந்தி வாசலில் நின்று, அவன் குரலிலேயே, "வெள்ளம் வந்நு!" என்று நீட்டி முழக்குவாள். வீட்டுக்கு வீடு அது தாவிப் போகும், குடங்கள் இறங்கும். போடியிலிருந்து விருந்துக்கு வந்திருந்த வேலுத்தாயின் அண்ணன், முதல்தடவை அதைக் கேட்டுவிட்டு, வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்க்க ஓடிய கதையை லயம் இன்னும் சொல்லிச் சிரிக்கும். மலையாளத்துக்காரனுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். கீழ்நாட்டுக்காரனுக்கு வெள்ளம் என்றால் வெள்ளம்.

மத்தியானம் மைக் கட்டிய ஜீப் ஒன்று மேல் ரோட்டில் போனது. காற்று வார்த்தைகளைப் பிய்த்துக்கொண்டு போக, 'ஜாக்ரத' என்ற ஒன்று மட்டும் லயத்துக்கு வந்து சேர்ந்தது. பாண்டீஸ்வரன் போனை அணைத்துவைக்கச் சொன்னான், சார்ஜ் நிற்குமே என்று. ரிஜோ கூப்பிடுவான் என்று அவள் அணைக்கவில்லை.

ரிஜோ கூப்பிட்டான்.

"சேச்சீ! வெள்ளம் வருது! வேகம், வேகம்..."

அவ்வளவுதான். தொடர்பு அறுந்துவிட்டது. திருப்பிப் போட்டாள், டவர் இல்லை. வேகம் என்றால் சீக்கிரம். டீசல் கொஞ்சம்தான் கிடைத்திருக்கும், தீருவதற்குள் பிடிக்கச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். வருது என்கிறானே, பயல் தமிழ் படிக்கிறான் போல என்று சிரிப்புக்கூட வந்தது.

வாசலுக்கு ஓடிவந்து கூரையைப் பார்த்துக் கூவினாள்: "ஏங்க! வெள்ளம் வந்நு!"

பாண்டீஸ்வரன் ஏணியின் பாதியிலேயே குதித்தான். நீல டிரம்மைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். "மதினி, வாங்க, வாங்க. அப்புறம் முந்துனவன் பிந்துனவன்னு பஞ்சாயத்துப் பேசக் கூடாது."

"நீ முன்ன போப்பா. இந்தக் கீரைய உள்ள வச்சுட்டு வாரேன்," என்றாள் வேலுத்தாய்.

ஆனந்தியும் ஒரு குடத்தோடு அவன் பின்னால் படிகளில் பத்தடி இறங்கினாள். புதுசாக வருகிற தண்ணீர் கலங்கலாக இருக்குமே, வடிகட்டத் துணி எடுக்கவில்லையே என்று ஞாபகம் வந்தது. மறுபடி மஞ்சக்காமாலைக்கு இடம் கொடுக்கக் கூடாது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஏறினாள். கொடியில் கிடந்த அவனுடைய பழைய வேட்டித் துணியை உருவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

கீழே குழாயடியில் டிரம்மை நிமிர்த்திவைத்து, குழாயைத் திருகிவிட்டு, அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னும் வரல ஆனந்தி!"

"வந்துரும்! நில்லுங்க!"

அவன் நின்றான்.

மேல் ரோட்டில் சுமை லாரி ஒன்று முதல் கியரில் ஏறுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. இந்தக் காற்றில் எவன் லாரி எடுக்கிறான் என்று அவள் ரோட்டைப் பார்த்தாள். ரோட்டில் ஒன்றும் இல்லை. புதுமண் வாடை குப்பென்று அடித்தது. திரும்பினாள். ஓடை இருந்த இடத்தில் ஓடை இல்லை. செம்மண்ணும் பாறையும் வேரோடு மரங்களுமாக என்னவோ ஒன்று சரிவின் அடியை வழித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. குழாயடி இல்லை. சிமெண்ட் மேடை இல்லை. நீல நிறமாக எதுவுமே இல்லை. நடுப்படியில் அவள் வைத்த குடம் மட்டும் வைத்தபடி இருந்தது.

வேலுத்தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தியது அவளுக்குக் கேட்டது. தனக்கும் கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. கையிலிருந்த துணியை இரண்டாக மடித்தாள். நாலாக மடித்தாள். பிறகு பிரித்து மறுபடியும் மடித்தாள். யாரோ அவளை இடுப்போடு பிடித்து மேட்டுக்கு இழுத்துப் போனார்கள்.

எல்லோரையும் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். நீர் வடிந்த பிறகு தேடிப்போன ஆண்கள், கீழ் டிவிஷன் தேயிலைக்குள்ளிருந்து அவனைத் தூக்கிவந்தார்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாசலில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். ஆனந்தி கேட்டாள்:

"டிரம்மு?"

ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியமுத்து என்ற வயசாளிதான் வாயைத் திறந்தார். "அதுவும் கெடச்சதுத்தா. செடிக்கு நடுவுல நிமுந்து நின்னுச்சு. கழுத்துமுட்டத் தண்ணி."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், சரி என்பதுபோல.

அடக்கம் முடிந்த பிறகு ரிஜோ வந்தான். முழங்கால் இரண்டிலும் கட்டு. போன் அறுந்ததும் மலைப்பாதை வழியாக லயத்துக்கு ஓடிவந்தானாம். பாதி வழியில் பாதையே இல்லையாம். ஆனந்திக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"கிணற்றோட மதில் போயி சேச்சி. நான் கண்டு. உடனே போன் விளிச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நான் தமிழ்லதான சேச்சி சொன்னது?"

ஆனந்தி அவனைப் பார்த்தாள்.

"காலையில ஏணி பிடிச்சப்ப அண்ணன்தான் படிப்பிச்சது. 'டேய் ரிஜோ, இன்னிக்குப் புயல் நாளு. எங்க ஆளுககிட்ட வெளையாட்டுக்குக்கூட வெள்ளம்னு சொல்லிராத. தண்ணி வந்தா தண்ணின்னு சொல்லு. எங்க பாசையில வெள்ளம்னா ஓடிப் பொழச்சுக்கன்னு அர்த்தம்'னு. ரெண்டு தடவ என்னெச் சொல்ல வச்சு." முழங்கால் கட்டைப் பிடித்துக்கொண்டான். "அதனாலாணு சேச்சி நான் தண்ணின்னு சொல்லாத்தது. வெள்ளம்னு சொன்னேன்."

"வருதுன்னு சொன்ன," என்றாள் ஆனந்தி.

"அதே சேச்சி."

"வந்நுன்னு சொல்லல."

"இல்ல."

அவளுக்கும் தெரியும், அவன் சொல்லவில்லை. அவன் சொன்னது அவள் வாசலுக்கு வருவதற்குள் வந்நு என்று ஆகிவிட்டது. கூரையிலிருந்து இறங்கியவன் காதில் விழுந்தது அதுதான். அவன் காலையில் சொல்லிக்கொடுத்த வார்த்தை லயத்துக்கு வந்து சேரவே இல்லை.

அப்போது பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. குடிதண்ணீர் டாங்கர். கூட வந்த ஜெஸ்னா என்ற தன்னார்வலர், மழைக்கோட்டோடு உள்ளே எட்டிப் பார்த்து உற்சாகமாகக் கூவினாள்:

"எல்லாரும் வாயோ! வெள்ளம் வந்நு!"

கூடம் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. ஒருத்தி தூங்குகிற பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். பெரியமுத்து பின்வாசலுக்குப் போய்விட்டார். குடத்தைக் கையில் எடுத்த வேலுத்தாய் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், அப்படியே நின்று ஆனந்தியைப் பார்த்தாள். பிறகு எல்லோருமே ஆனந்தியைத்தான் பார்த்தார்கள். வாசலில் நின்ற பெண், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று விழித்தாள்.

"எந்த வெள்ளம்டீ?" என்றாள் வேலுத்தாய்.

ஆனந்தி எழுந்து வாசலுக்குப் போனாள். டாங்கர் நின்றது. அதன் பின்குழாயிலிருந்து சன்னமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அதன் கீழே வைத்துப் பார்த்தாள்.

"தண்ணிதேன்," என்றாள். "போய்ப் பிடிங்க."